இரும்பையும் கற்ற இரசாயன அறிஞர்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் கேட்டபோது, கதையோ கவிதையோ எழுதும் ஆற்றல் எனக்கில்லை என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவே எண்ணினேன். அன்று மாலையே, இவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் என் அறைக் கதவைத் தட்டினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இரசாயனத்தின்மேல் உள்ள ஆசையினால் இரசாயனப் பொறியியலில் சேர்ந்தானாம். இங்கே வந்து பார்த்தால் இரசாயனத்தையே காணோமாம். காலையில் இயந்திர வரைபடம், பிற்பகலில் பட்டறை, கையெல்லாம் கொப்புளம். இரும்புத் துண்டை அரத்தால் ராவுவதற்காகவா இரண்டு இரவு ரயிலில் இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டான். பேசாமல் ஊருக்குத் திரும்பி பி.எஸ்ஸி. இரசாயனம் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்து நின்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்வியோடு இதே விடுதியில் உறங்காமல் கிடந்தவன்தான். என் தந்தையார் திருவாரூர்ப் பக்கத்தில் வயல்களுக்கு நீரிறைக்கும் மோட்டார் பம்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். கிரீஸும் கரியும் படிந்த அவருடைய கைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கண்ணாடிக் குடுவைகளும் வெள்ளை அங்கியுமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் நிற்கவேண்டும் என்பதே கனவு. பட்டறையை விட்டுத் தப்பவே படித்தேன் என்று சொன்னால் பொய்யாகாது. பல்கலைக் கழகம் என்னை முதல் வாரத்திலேயே மறுபடியும் பட்டறைக்குள் கொண்டுபோய் விட்டபோது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நாளில் மூத்த மாணவர் ஒருவர், அறிவுரை ஒன்றும் சொல்லாமல், நூலகத்துக்கு அழைத்துச் சென்று ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கச் சொன்னார். அந்த வாழ்க்கையைத்தான் இப்போது தம்பிக்காகவும், அவனைப் போல எண்ணும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் கார்ல் பாஷ்.

குழாய்க் கடைக்காரரின் மகன்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் கார்ல் பாஷ் பிறந்தார். தந்தையார் எரிவாயுவுக்கும் தண்ணீருக்கும் வேண்டிய குழாய்களும் பொருத்துச் சாமான்களும் விற்கும் வணிகர். மின்சாரக் கருவிகளுக்குப் பேர்போன ராபர்ட் பாஷ் இவருக்குச் சிற்றப்பா. வீட்டில் இரும்பும் பித்தளையும் ஈயப் பற்றும் பழகிய பொருள்கள். சிறுவனுடைய மனமோ இரசாயனத்தை நாடியது. செடி, வண்டு, கல் என்று கண்டதையெல்லாம் சேர்த்து வகைப்படுத்தும் பழக்கமும் அவருக்கு இளமையிலேயே இருந்தது. இறுதி வரை அது போகவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தது. என்ன படிப்பது என்ற கேள்வி எழுந்தது. நேரே இரசாயனத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 1893-ஆம் ஆண்டில் சைலீஷியாப் பகுதியிலிருந்த ஓர் இரும்பாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். வார்ப்படச் சாலையில் மணல் அச்சு பிடிப்பதிலிருந்து உலோக வேலைகள் பலவற்றையும் கையால் செய்து கற்றார். கல்லூரிக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அவர் கையில் காய்ப்பு ஏறிவிட்டது.

1894-ஆம் ஆண்டில் பெர்லின் நகரை அடுத்த சார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் உலோகவியலும் இயந்திரப் பொறியியலும் படிக்கச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. இரும்பின் உள்ளமைப்பு என்ன, அதில் கலந்துள்ள கரிமம் எவ்வாறு அதை எஃகாக்குகிறது, எந்தச் சுமையில் எந்த உலோகம் முறியும் என்பனவெல்லாம் அவருடைய பாடங்களாயின. ஆனாலும் பழைய ஆசை அடங்கவில்லை. 1896-ஆம் ஆண்டில் அந்தப் படிப்பை அப்படியே விட்டுவிட்டு, லைப்ஸிக் பல்கலைக் கழகத்தில் இரசாயன மாணவராகச் சேர்ந்துவிட்டார். பேராசிரியர் விஸ்லிசேனஸிடம் கரிம இரசாயனத்தில் ஆராய்ந்து, 1898-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். அக்காலத்து உறவினர் யாரேனும் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? பையன் ஓராண்டை இரும்பாலையில் தொலைத்தான், இரண்டாண்டைப் பொறியியலில் தொலைத்தான், கடைசியில் தொடங்க வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தான் என்றுதானே? நம் ஊராக இருந்தால் மூன்றாண்டுச் செலவுக்குக் கணக்கும் கேட்டிருப்பார்கள்.

ஆனால் அக்காலத்து ஜெர்மனியில் இரசாயனப் பொறியியல் என்று தனியாக ஒரு படிப்பு இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. இங்கிலாந்தில் ஜார்ஜ் டேவிஸ் என்பவர் 1887-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் இத்துறை பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1888-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு பாடத்திட்டம் தோன்றியது. ஜெர்மனியிலோ இரசாயனர் ஆய்வுக்கூடத்தில் இருப்பார். இயந்திரப் பொறியாளர் தொழிற்கூடத்தில் இருப்பார். ஒருவர் மொழி மற்றவருக்கு முழுதும் புரியாது. கார்ல் பாஷ் திட்டமிட்டோ திட்டமிடாமலோ இரண்டு மொழிகளையும் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். இல்லாத ஒரு படிப்பைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டவர் அவர்.

பத்தாண்டுப் பயிற்சி

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். என்னும் பெரிய சாயத் தொழிற்சாலையில் இரசாயனராக வேலைக்கு அமர்ந்தார். ருடால்ஃப் கினீட்ஷ் என்ற தேர்ந்த நிபுணரின் கீழ், செயற்கை அவுரிச் சாயம் உண்டாக்கும் வேலையில் பங்கு கொண்டார். நம் நாட்டு அவுரிப் பயிரின் விலையை வீழ்த்தியது அந்தச் செயற்கைச் சாயமே என்பதும் நாம் நினைக்கத்தக்கது.

அடுத்த ஆண்டிலேயே அவருக்கு ஒரு சோதனை வந்தது. வில்ஹெல்ம் ஆஸ்வால்டு என்பவர் அந்நாளில் உலகம் அறிந்த பேராசிரியர். பின்னர் 1909-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா உண்டாக்கிவிட்டதாக அவர் தொழிற்சாலைக்கு எழுதினார். அதைச் செய்து பார்த்து உறுதிப்படுத்தும் வேலை, வயது 26 கூட நிரம்பாத பாஷிடம் ஒப்படைக்கப்பட்டது. பாஷ் செய்து பார்த்தார், மீண்டும் பார்த்தார். வந்த அம்மோனியா காற்றிலிருந்து வந்ததன்று, ஊக்கியாகப் பயன்பட்ட இரும்பிலேயே முன்னமே கலந்திருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று கண்டார். இரும்பை அறிந்தவருக்கன்றோ அந்தச் சந்தேகம் தோன்றும்! அநுபவமில்லாத புதியவரிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பேராசிரியர் சினந்துகொண்டார். ஆனால் இளைஞர் சொன்னதே சரி என்று ஆயிற்று. ஆஸ்வால்டு தம் உரிமை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அன்று தொடங்கிய நைட்ரஜன் ஆராய்ச்சி பாஷை விடவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் பட்டம் பெற்ற அதே 1898-ஆம் ஆண்டில், சர் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி பிரிஸ்டல் நகரில் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். பயிருக்கு நைட்ரஜன் உரம் வேண்டும். அது தென் அமெரிக்காவின் சிலி நாட்டு வெடியுப்புப் படிவங்களிலிருந்து கப்பலில் வருகிறது. அது தீர்ந்து போனால் கோதுமை உண்ணும் மக்கள் பட்டினி கிடக்க நேரும் என்பது அவர் கருத்து. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆயினும் பயிர் அதை நேரே உண்ண முடியாது. கடலில் மிதப்பவன் தாகத்தால் தவிப்பது போன்ற நிலைதான்.

பாஷ் முதலில் வேறு வழிகளில் முயன்றார். 1907-ஆம் ஆண்டில் பேரியம் சயனைடு வழியாக நைட்ரஜனைப் பிடிக்கும் சோதனைத் தொழிற்கூடம் ஒன்றையும் நிறுவினார். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இவ்வாறு பத்து ஆண்டுகள் ஓடின. பெரும் புகழ் ஒன்றும் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய தொழிற்சாலையில் பலருள் ஒருவர்; அவ்வளவுதான். பட்டம் பெற்ற மறுநாளே உலகம் நம்மை வரவேற்கவேண்டும் என்று எண்ணுகிற நமக்கு இந்தப் பத்தாண்டுகளைப் படிக்கும்போது சற்றுப் பொறுமை பிறக்கத்தான் வேண்டும்.

எண்பது மணி நேரம்

1909-ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூஹே நகரப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஹேபர், ராபர்ட் லெ ரோஸிக்னால் என்ற துணைவருடன் சேர்ந்து, ஒரு சிறிய கருவியில் உண்மையாகவே காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வரவழைத்துக் காட்டினார். அதற்கு ஏறக்குறைய 200 மடங்கு வளிமண்டல அழுத்தமும், 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், ஆஸ்மியம் என்ற அரிய உலோகமும் தேவைப்பட்டன. மேசைமேல் வைக்கும் அளவுள்ள கருவி அது. அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்க முடியுமா?

அந்த அழுத்தத்தைக் கேட்டதும் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் அஞ்சினார். ஏழு மடங்கு அழுத்தத்திலேயே கொதிகலம் வெடித்ததைக் கண்டவர் அவர். இரசாயனம் மட்டும் படித்தவருக்கு அந்த அச்சம் இயல்பே. முடிவு பாஷின் கையில் வந்தது. எஃகுத் தொழில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, அதனால் என்ன தாங்க முடியும் என்பது தமக்குத் தெரியும், ஆகவே துணிந்து முயலலாம் என்று 34 வயதான அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றது சார்லட்டன்பர்க் பாடமும் இரும்பாலைப் பழக்கமுந்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேலை தொடங்கிற்று. ஆஸ்மியம் உலகிலேயே மிகக் கொஞ்சம் இருந்ததால், மலிவான கிரியா ஊக்கி ஒன்றைத் தேடவேண்டியிருந்தது. ஆல்வின் மிட்டாஷ் என்னும் சக ஊழியர் அதை ஏற்றார். ஏறக்குறைய 2,500 விதமான பொருள்களை ஆயிரக்கணக்கான முறை சோதித்து, ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாதுவில் ஒரு நல்ல குறிப்பைக் கண்டு, சிறிதளவு அலுமினா முதலியவை கலந்த இரும்பே போதும் என்று முடிவு கண்டார். ஹைட்ரஜனைக் கரியிலிருந்தும் நீராவியிலிருந்தும் எடுத்துத் தூய்மை செய்யும் வழியும் வகுக்கப்பட்டது.

ஆனால் பெரிய இடர் வேறு இடத்தில் காத்திருந்தது. தடித்த எஃகுக் குழாய்களால் செய்த சோதனைக் கலங்கள் இரண்டு, ஏறத்தாழ 80 மணி நேரம் ஓடியபின் வெடித்துப் பிளந்தன. நல்ல வேளையாக அவை கான்கிரீட் அறைக்குள் வைக்கப்பட்டிருந்தன. ஏன் பிளந்தன? அழுத்தம் மிகையானதால் என்று விட்டுவிட்டுத் தடிமனை இன்னும் கூட்டியிருக்கலாம். பாஷ் அப்படிச் செய்யவில்லை. பிளந்த எஃகை அறுத்து, மெருகிட்டு, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். உலோகவியல் மாணவர் கற்கும் முறை அது. அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தரும் கரிமத்தைத் தின்றுவிட்டிருந்தது. உட்சுவர் எஃகாக இல்லாமல், நொறுங்கும் இரும்பாக மாறிக் கிடந்தது. எவ்வளவு தடிப்பாகச் செய்தாலும் கலம் ஒருநாள் வெடித்தே தீரும்.

இதற்குப் பாஷ் 1911-ஆம் ஆண்டில் கண்ட தீர்வைத்தான் நான் பலமுறை நினைத்து வியந்திருக்கிறேன். ஒரு சுவரே வாயுவையும் காக்கவேண்டும், அழுத்தத்தையும் தாங்கவேண்டும் என்று ஏன் இருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். வேலையை இரண்டாகப் பிரித்தார். உள்ளே கரிமம் மிகக் குறைந்த மெல்லிய தேனிரும்பு உறை. அதில் ஹைட்ரஜன் தின்பதற்கு ஒன்றுமில்லை. வெளியே வலிய எஃகுச் சுவர். அழுத்தத்தை அது தாங்கும். உறையைக் கடந்து கசிந்து வரும் சிறிதளவு ஹைட்ரஜன் எஃகைத் தாக்குவதற்கு முன் வெளியேறிவிட, எஃகுச் சுவரில் சிறுசிறு துளைகள். நம் சைக்கிள் சக்கரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ட்யூப் காற்றைக் காக்கிறது. வெளியே டயர் சுமையைத் தாங்குகிறது. நான் இதைத் தொலைபேசியில் என் தந்தையாருக்குச் சொன்னபோது, ஆராய்ச்சி எதுவும் அறியாத அவர் உடனே புரிந்துகொண்டார். பம்புக்குள் தேயும் இடத்தில் தனியாக ஒரு புஷ் போடுவதில்லையா, அதுபோலத்தான் என்று சொல்லிவிட்டார்!

தம்பி கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. லைப்ஸிக்கில் பெற்ற டாக்டர் பட்டம் மட்டும் இருந்திருந்தால், பாஷ் அந்த எஃகுத் துண்டை அறுத்துப் பார்த்திருப்பாரா? சார்லட்டன்பர்க் படிப்பு மட்டும் இருந்திருந்தால், ஹைட்ரஜன் கரிமத்தோடு சேரும் இரசாயனம் அவருக்கு உடனே புலப்பட்டிருக்குமா? வீணாய்ப் போயிற்று என்று உறவினர் நினைத்திருக்கக் கூடிய அந்த மூன்றாண்டுகள், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு காலைப் பொழுதில் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டன.

1913-ஆம் ஆண்டு செப்டம்பரில் லுட்விக்ஸ்ஹாஃபெனை அடுத்த ஓப்பாவ் என்னுமிடத்தில் உலகின் முதல் அம்மோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 36,000 டன் அம்மோனியம் சல்பேட் உரம் செய்வது அதன் திட்டம். உரத்தைப் பயிரில் இட்டுப் பார்க்க, 1914-ஆம் ஆண்டில் லிம்பர்கர்ஹோஃப் என்ற இடத்தில் விவசாயச் சோதனைப் பண்ணை ஒன்றும் தொடங்கப்பெற்றது.

சோறும் வெடிமருந்தும்

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உண்மை வாழ்க்கை அப்படி முடிவதில்லை. ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்வது முறையன்று என்பதால் எஞ்சியதையும் சொல்கிறேன்.

1914-ஆம் ஆண்டில் உலகப் போர் மூண்டது. சிலி நாட்டு வெடியுப்பு வரும் கடல்வழி ஜெர்மனிக்கு அடைபட்டது. வெடியுப்பு உரத்துக்கு மட்டுமன்று, வெடிமருந்துக்கும் வேண்டும். அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கித் தர முடியும் என்று பாஷ் அரசுக்கு ஒப்புக்கொண்டார், செய்தும் கொடுத்தார். 1917-ஆம் ஆண்டில் லாய்னா என்னுமிடத்தில் இரண்டாவது பெருந் தொழிற்சாலையும் எழுந்தது. வயலுக்கென்று பிறந்த தொழிற்சாலை போர்க்களத்துக்கு உணவிட்டது. அது இல்லாதிருந்தால் போர் விரைவில் ஓய்ந்திருக்கும் என்பார் பலர்.

போருக்குப் பின் 1919-ஆம் ஆண்டில் அவரே நிறுவனத்தின் தலைவரானார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் காலை ஓப்பாவில் ஒரு பேரிடி. கிடங்கில் கட்டி தட்டிப் போயிருந்த உரக் குவியலைச் சிறு வெடி வைத்துத் தளர்த்துவது அங்கே நெடுநாள் வழக்கம். ஆயிரக்கணக்கான முறை ஆபத்தின்றி நடந்த அவ்வேலை, அன்று சுமார் 4,500 டன் குவியலில் ஒரு பகுதியை வெடிக்கச் செய்துவிட்டது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரின் பெரும் பகுதி இடிந்து போயிற்று. நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் சான்றாகாது என்ற பாடத்தை நம் துறை அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் கடமை பாஷுக்கு வந்தது. அந்த நாள் அவர் உள்ளத்தை உடைத்துவிட்டது.

1925-ஆம் ஆண்டில் ஜெர்மன் இரசாயன நிறுவனங்கள் பல ஒன்றாக இணைந்து ஐ.ஜி. ஃபார்பன் ஆனபோது, அதன் முதல் தலைமை நிர்வாகி பாஷ். நிலக்கரியைப் பெட்ரோலாக மாற்றும் முயற்சியில் பெரும் பொருளைச் செலவிட்டார். 1931-ஆம் ஆண்டில், உயர் அழுத்த முறைகளை வளர்த்தமைக்காக, ஃபிரிட்ரிக் பெர்கியஸ் என்பவரோடு இரசாயன நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புக்கு அன்றி, தொழிற்சாலைப் பொறியியல் சாதனைக்கு அப்பரிசு கிடைத்தது புதுமையாகப் பேசப்பட்டது.

1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூத விஞ்ஞானிகளை விரட்டினால் ஜெர்மனியின் இரசாயனமும் பௌதிகமும் பின்னடையும் என்று பாஷ் அவனிடமே எடுத்துச் சொன்னதாக வரலாறு கூறுகிறது; அவன் செவிசாய்க்கவில்லை. யூதராகப் பிறந்த ஹேபர் நாட்டை விட்டகன்று, 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தில் இறந்தார். ஓராண்டு கழித்து அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தபோது, அரசு தடுத்தும் பாஷ் அங்கே சென்று அமர்ந்தார். ஆயினும் அதே 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், செயற்கைப் பெட்ரோலை வாங்கிக்கொள்வதென அந்த அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் அவருடைய நிறுவனமே. எதிர்ப்பும் அவரிடம் இருந்தது, உடன்பாடும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே சுமக்க அவரால் முடியவில்லை போலும். 1937-ஆம் ஆண்டில் மாக்ஸ் பிளாங்குக்குப் பின் கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் தலைவரானார். பதவி உயர்ந்ததே ஒழிய மனம் தாழ்ந்துகொண்டே சென்றது. குடியும் சோர்வும் அவரைப் பற்றின. வண்டுகளும் கனிமங்களும் வானத்து விண்மீன்களுமே கடைசிக் காலத்தில் அவருக்கு ஆறுதல். 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் காலமானார். அவர் கட்டி வளர்த்த ஐ.ஜி. ஃபார்பன், அவருக்குப் பின் ஆஷ்விட்ஸ் முகாமின் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கிய கொடுமையையும் உலகம் கண்டது.

நமக்கு என்ன?

இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவளிப்பது ஹேபர்-பாஷ் முறையில் செய்த நைட்ரஜன் உரமே என்று மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டிலும் 1947-ஆம் ஆண்டில் கேரளத்து ஆலுவாயை அடுத்த தொழிற்சாலை விறகிலிருந்து வாயு எடுத்து அம்மோனியா செய்தது. 1951-ஆம் ஆண்டில் சிந்திரித் தொழிற்சாலை நிலக்கரியைக் கொண்டு தொடங்கியது. எங்கள் பக்கத்து வயல்களில் யூரியாச் சாக்கை அவிழ்க்கும் உழவர் ஒவ்வொருவரும், பெயரறியாமலே, அந்தக் குழாய்க் கடைக்காரரின் மகனோடு தொடர்புடையவர்தாம்.

தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இரசாயனமே உன் உயிர் என்று உனக்கு உறுதியாகத் தோன்றினால், தயங்காமல் போ. பாஷும் ஒரு படிப்பை விட்டு மற்றொன்றுக்குப் போனவர்தான். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கையில் கொப்புளம் வந்ததற்காகப் போகாதே. பட்டறையில் கழிந்த பொழுதை நஷ்டக் கணக்கில் எழுதாதே. எந்தப் பாடம் எந்த ஆண்டில் உன்னைக் காப்பாற்றும் என்பது இன்று உனக்கும் தெரியாது, பாடத்திட்டம் வகுத்தவர்களுக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. இரும்பையும் இரசாயனத்தையும் பாஷ் நன்றாகவே கற்றார். செய்த பொருள் யார் கைக்குப் போகிறது, அதற்கு நான் எவ்வளவு பொறுப்பு என்ற கேள்விக்கு எந்தப் பல்கலைக் கழகமும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. காலம் கடந்து அந்தக் கேள்வி அவரைத் தேடி வந்தபோது, அது அவரை முறித்தது. ஓப்பாவ் வெடித்த நாளையும் 1933-ஆம் ஆண்டையும் நம் வகுப்பில் யாரும் தேர்வுக்குக் கேட்கப் போவதில்லை. நாம்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் விடுதி அறையில் அமர்ந்து ஒருவரோடு ஒருவர் பேசும் இந்த வயதிலேயே.

என் செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். இறுதியாண்டு மாணவனான எனக்கு இவ்வாண்டு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று கணினி மென்பொருள் வேலை, சம்பளம் அதிகம். மற்றொன்று ஓர் உரத் தொழிற்சாலையில் ஓராண்டுப் பயிற்சி. சம்பளம் ஏறக்குறைய பாதி, இரவு முறையும் உண்டு. நண்பர்கள் பலர் முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, குடும்பப் பொறுப்பு உள்ளவர்கள் அதைத் தேர்ந்தால் அவர்களைக் குறைகூற மாட்டேன். எனக்கு ஒரு வாரம் உறக்கமில்லை. கடைசியில் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தத் தொழிற்சாலையில் பம்புகள் இருக்குமா? நூற்றுக் கணக்கில் இருக்கும் அப்பா என்றேன். அப்படியானால் அங்கே போகுமுன் ஒரு மாதம் வீட்டுக்கு வா, பட்டறையில் என்னோடு இருந்துவிட்டுப் போ என்று சொன்னார்.

தேர்வு முடிந்ததும் போகிறேன். பட்டறைக்குத் திரும்புவதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.